வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அப்பா பெயர் ஏன் அழிய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி நெருங்கினால் நம் பேப்பரில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். 'சர்வர் முடக்கம், பொதுமக்கள் அவதி' என்று தலைப்பு இருக்கும், கீழே ஒரு மையத்தின் வாசலில் ஃபைலும் கையுமாக நிற்கிறவர்களின் படம் இருக்கும். போன வாரமும் வந்தது. அந்தப் பொதுமக்களில் கொஞ்சம் பேர் என் கடையில்தான் அவதிப்படுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். சர்வர் முடங்குவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் தினமும் பார்க்கிற அவதியில் பெரும்பங்கு சர்வரால் வருவதே இல்லை, அந்தப் பக்கத்தைக் கட்டியவர் கட்டிய விதத்தால் வருகிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரின்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் வெப்சைட் செய்து கொடுக்கிற வேலை பார்த்தேன், இப்போதும் கடையைச் சாத்திய பிறகு ராத்திரியில் ஒன்றிரண்டு செய்துகொண்டுதான் இருக்கிறேன். அதனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதும் தெரியும், அந்தப் பக்கம் நடப்பதும் தெரியும்.

போன மாதம் ஓர் ஆச்சி வந்தார். மஞ்சப்பையில் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், இரண்டு போட்டோ. ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும். எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை, ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். பெயர் அடித்தேன், அப்பா பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு எல்லாம் அடித்தேன், போட்டோவை ஸ்கேன் செய்து ஏற்றினேன். அப்புறம் மாவட்டம் என்ற பெட்டியில் தென்காசியைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான், பக்கம் முழுக்க வெள்ளையாகி, மேலே ஒரு வளையம் சுற்றி, பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்துத் திரும்பி வந்தது. வட்டம், அதாவது தாலுகா, என்ற பெட்டியில் எட்டுப் பெயர் வந்திருந்தது, நல்லது. ஆனால் அப்பா பெயரைக் காணோம், போட்டோவைக் காணோம், கீழே இருந்த கேப்சா (அடிப்பது மனிதர்தானா என்று சோதிக்கிற எழுத்துப் படம்) புது எழுத்துகளோடு இளித்துக்கொண்டு நின்றது. திரும்ப அடித்தேன். வட்டத்தைத் தொட்டதும் மறுபடியும் வெள்ளை. கிராமத்தைத் தொட்டதும் மறுபடியும். மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "என்னய்யா, திரும்பவும் வெள்ளையாப் போச்சு?" என்றார். "சர்வர் ஸ்லோ, ஆச்சி" என்றேன் நானும். அது பொய். யாருக்கும் சட்டென்று புரிகிற பதில் அது ஒன்றுதான் என்பதால் கடை திறந்த நாளிலிருந்து சொல்லிவருகிற பொய்.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், சாம்பார் முடிந்து ரசம் கேட்கிறீர்கள். பரிமாறுகிறவர் ரசம் ஊற்றாமல், உங்கள் இலையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போய், புது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பிலிருந்து ஆரம்பித்து, ஊறுகாய், கூட்டு, பொரியல், சோறு எல்லாம் மறுபடி வைத்து, கடைசியில் ரசத்தை ஊற்றினால் எப்படி இருக்கும்? மாவட்டத்தைத் தொட்டதும் அந்தப் பக்கம் செய்வது இதைத்தான். நமக்கு வேண்டியது எட்டு வட்டங்களின் பெயர். அது தருவது தலைப்பு, மெனு, அடிக்குறிப்பு, முப்பத்தெட்டு மாவட்டங்களின் பட்டியல், நாம் அடித்ததில் பிழைத்தது போக மீதி, எல்லாம் சேர்ந்த புதுப் பக்கம்.

எட்டுப் பெயரின் எடை எவ்வளவு என்று ஒருநாள் சும்மா கணக்குப் போட்டேன். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், திருவேங்கடம், ஆலங்குளம். கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் குறிக்கிற யுனிகோடு முறையில் 'தெ' என்றால் த ஒரு குறி, கொம்பு ஒரு குறி. 'ன்' என்றால் ன ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் எட்டுப் பெயருக்கும் சேர்த்து 85 குறிகள். இப்போது அநேகமாக எல்லாத் தளமும் அந்தக் குறிகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யுடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 255 பைட். ஒரு கேபி என்றால் 1,024 பைட், அதில் கால்வாசி! வட்டத்தின் எண், அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாம் சேர்த்தாலும் அரை கேபியை ஒட்டித்தான் நிற்கும். இதற்காகத்தான் ஆச்சி பத்து விநாடி வெள்ளைத் திரையைப் பார்க்கிறார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படங்கள் எல்லாம் ஒவ்வொரு தடவையும் புதிதாக இறங்குவதில்லை, ஒரு தடவை வந்ததை பிரவுசர் எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்தின் உடம்பு முழுசாக வரும். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி டாட் நெட் முறையில் கட்டிய தளமாக இருந்தால், பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிற, கண்ணுக்குத் தெரியாத வியூஸ்டேட் என்ற மூட்டை ஒன்று பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும், பக்கம் பெரிதாகப் பெரிதாக அதுவும் வீங்கும், ஒவ்வொரு தொடுதலுக்கும் அது இங்கிருந்து சர்வருக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். நம் ஊர் இணைப்பில் இறங்குகிற வேகத்தை விட ஏறுகிற வேகம் குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். போட்டோ விஷயம் இன்னும் வேடிக்கை. பெயர், முகவரியையாவது சர்வர் நினைவு வைத்துத் திரும்பப் பெட்டியில் போட்டுத் தரலாம், சில தளங்கள் தருகின்றன. ஃபைல் பெட்டியை எந்தத் தளத்தாலும் தானாக நிரப்ப முடியாது, பாதுகாப்புக்காக பிரவுசர் அதை அனுமதிப்பதில்லை, அனுமதித்தால் கண்ட கண்ட தளமும் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ட ஃபைலையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் பக்கம் ஒரு தடவை திரும்ப ஏறினால் அந்தப் பெட்டி காலி, போன போட்டோவை சர்வர் தனியாக எடுத்து வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் போச்சு. தடுக்கச் சுலபமான வழி பக்கத்தைத் திரும்ப ஏற்றாமல் இருப்பது.

இதென்ன புதுக் கண்டுபிடிப்பா என்றால் அதுவும் இல்லை. 1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இலேயே இதற்கான கருவி வந்துவிட்டது. அவுட்லுக் மெயிலை பிரவுசருக்குள்ளேயே காட்ட வேண்டும், ஒவ்வொரு மெயிலுக்கும் பக்கம் முழுவதையும் புதிதாக ஏற்றக் கூடாது என்பதற்காக அங்கே வேலை பார்த்தவர்கள் செய்தது. எக்ஸ்எம்எல் என்ற, தகவலைக் குறியிட்டு எழுதுகிற முறை சம்பந்தமான ஒரு தொகுப்போடு சேர்த்து அனுப்பியதால் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி என்று வாயில் நுழையாத ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மற்ற பிரவுசர்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தது, 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது, இரண்டும் பக்கத்தைத் திரும்ப ஏற்றாமல் ஓடியவை. அதே பிப்ரவரி 18ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதி இந்த வித்தைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். (வெளிநாட்டில் பாத்திரம் துலக்குகிற பவுடர் ஒன்றுக்கும் அதே பெயர்தான், அது இருக்கட்டும்.)

கூகுள் மேப்ஸை முதன்முதலில் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. திருநெல்வேலியில் படித்துக்கொண்டிருந்தேன், ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். அதுவரை நான் பார்த்த வரைபடத் தளங்களில் வடக்கே போக வேண்டுமென்றால் மேலே இருக்கும் அம்பை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் மவுஸால் பிடித்து இழுத்தால் உலகமே கூட வந்தது, ஓரத்தில் இல்லாத சதுரங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. பக்கம் அசையவில்லை! அந்த மாதம் முழுக்க பிரவுசிங் சென்டருக்குக் கொடுத்த காசுக்கு மெஸ்ஸில் பாக்கி வைத்தேன். 2006இல் ஜான் ரெசிக் என்பவர் ஜேக்வெரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பை வெளியிட்ட பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது, ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய தொல்லையை அது தன் தலையில் போட்டுக்கொண்டது. 2015இலிருந்து அதுவும் தேவையில்லை, ஃபெட்ச் என்று பிரவுசருக்குள்ளேயே சுருக்கமான வழி வந்துவிட்டது. ஆக, 1999இல் பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டது, நம் விண்ணப்பப் படிவங்கள் இன்னும் அம்பை அழுத்திவிட்டுக் காத்திருக்கின்றன.

எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வாசகர்களில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய. மாவட்டப் பெட்டியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்துக்குள் இருக்கிற ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள்ளேயே ஓடுகிற நிரல்) அந்த மாவட்டத்தின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சர்வருக்குப் போகும். அங்கே பிஎச்பியோ ஜாவாவோ ஏதோ ஒன்றில் எழுதிய சின்ன நிரல் இருக்கும். அது வந்தது எண்தானா என்று பார்த்துவிட்டு, இந்த மாவட்டத்தில் உள்ள வட்டங்களைக் கொடு என்று, தகவல் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற டேட்டாபேஸைக் கேட்கும். எட்டு வரி வரும். அதை ஜேசன் என்ற வடிவத்தில் கட்டித் திருப்பி அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் வட்டப் பெட்டியைக் காலி செய்து எட்டுப் பெயரையும் அதில் போடும். முடிந்தது. அப்பா பெயர் அடித்த பெட்டிப் பக்கம் யாரும் போகவே இல்லை, அது இருந்த இடத்தில் இருக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று என் கடைக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்து நேரா டேட்டாபேஸுக்குப் போயிடலாமா, நடுவுல எதுக்கு இன்னொரு ஃபைல்?" என்பதுதான். ஒரு தம்பி அப்படி முயற்சி செய்து, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் பாஸ்வேர்டை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி வைத்திருந்தான். மவுஸின் வலது பக்க பட்டனை அழுத்தி, பக்கத்தின் சோர்ஸை, அதாவது யாரும் படிக்கக்கூடிய அதன் நிரலைத் திறந்து காட்டியதும் முகம் வெளிறிப்போனது. பந்தியில் உட்கார்ந்தவர் ரசம் கேட்கலாம், சமையல்கட்டுக்குள் போய் அண்டாவில் கை விடக் கூடாது. நடுவில் பரிமாறுகிறவர் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பரிமாறுகிறவரும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும், எண் கேட்கிற இடத்தில் யாராவது எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் கட்டளை வாசகத்தையே திணித்து அனுப்புவார்கள், அதனால் கேள்வியைத் தனியாகவும் வந்த எண்ணைத் தனியாகவும் டேட்டாபேஸிடம் கொடுக்கிற முறையில்தான் எழுத வேண்டும். இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. பக்கத்துக்கு லாகின் வைத்துப் பூட்டிவிட்டு, பின்னால் தகவல் தருகிற அந்தச் சின்ன நிரலுக்குப் பூட்டுப் போட மறந்துவிடுவார்கள். முகவரியில் விண்ணப்ப எண்ணை ஒன்று கூட்டிப் போட்டால் அடுத்தவர் விவரம் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வாசல் என்பதால் யாரும் வர மாட்டார்கள் என்று நினைப்பு.

எல்லாவற்றுக்கும் சர்வரிடம் ஓட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் முந்நூற்றுச் சொச்சம் வட்டங்கள். மேலே சொன்ன கணக்கில் ஒரு பெயருக்குச் சராசரி 32 பைட் என்று வைத்தால் மொத்தமும் பத்து கேபியை ஒட்டி வரும். அதை முதலிலேயே பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிடலாம், மாவட்டத்தைத் தொட்ட மாத்திரத்தில் வட்டம் வந்து நிற்கும், இணைப்பு அறுந்தாலும் வரும். மாவட்டம் பிரிப்பது என்ன தினமும் நடக்கிற காரியமா? 2019இல் எங்கள் தென்காசியோடு சேர்த்து ஐந்து புது மாவட்டம், 2020இல் மயிலாடுதுறை, அத்தோடு 38. பிரிக்கிற அன்றைக்கு ஒரு தடவை பட்டியலை மாற்றினால் ஆயிற்று. கிராமங்கள்தான் பதினாறாயிரத்துக்கும் மேல், அவற்றை முன்கூட்டியே அனுப்பினால் பாரம், அங்கே மட்டும் வட்டத்தைத் தொட்ட பிறகு கேட்டு வாங்கலாம். எது எப்போது வேண்டும் என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்பதுதான் இதில் பாதி வேலை.

இனி என் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். சில வருஷத்துக்கு முன் ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் தேடுகிற தளம் செய்து கொடுத்தேன். பெயர் அடிக்க அடிக்கக் கீழே பொருந்துகிற பெயர்கள் வர வேண்டும் என்று கேட்டார்கள், நானும் உற்சாகமாக ஒவ்வொரு விசைக்கும் ஒரு தடவை சர்வரைக் கேட்கிற மாதிரி எழுதிவிட்டேன். என் வீட்டில் ஓட்டிப் பார்த்தால் அருமையாக இருந்தது. அங்கே போய் செயலாளர் 'சங்கரன்' என்று அடித்தார், சங்கரன்களோடு சேர்ந்து ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்தார்கள். சரஸ்வதி, சண்முகம், சிவகாமி. என்ன கூத்து என்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் இரண்டு தப்பு. ஆங்கில விசையில் ஒலிப்படி அடிக்கிற தமிழில் எழுத்து சேர்ந்து முடிவதற்கு முன்பே நான் அரைகுறையாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன், அது ஒன்று. இன்னொன்று பெரிது. 'ச'வுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் மிக நீளம், அதனால் மெதுவாக வந்தது. 'சங்கரன்' என்ற கேள்விக்குப் பதில் இரண்டே வரி, அது முதலில் வந்து திரையில் உட்கார்ந்தது. பின்னாலேயே பழைய 'ச'வின் பதில் ஆடி அசைந்து வந்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று எந்த நெட்வொர்க்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை, நானாக நம்பிக்கொண்டேன். அப்புறம் விசையிலிருந்து கை எடுத்து 300 மில்லி விநாடி ஆன பிறகுதான் கேட்பது, கடைசியாகக் கேட்டதற்கு வந்த பதிலைத் தவிர மற்றதைக் குப்பையில் போடுவது என்று மாற்றினேன். செயலாளர் இன்னும் என்னைப் பார்த்தால் "என்ன தம்பி, சரஸ்வதி சௌக்கியமா?" என்பார்.

இந்த மாதிரித் தப்புகள்தான் புதுத் தளங்களில் இப்போது பெருகிவிட்டன. பழைய தளம் எல்லாவற்றையும் அழித்தாலும் குறைந்தபட்சம் ஏதோ நடக்கிறது என்று வெள்ளைத் திரை சொல்லும், இணைப்பு போனால் பிரவுசரே ஒரு பக்கம் போட்டுக் காட்டும். புதுத் தளத்தில் பக்கம் அசையாது, எண் பின்னால் போய்விட்டது, பதில் வரவில்லை, வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதியவர் யோசிக்கவில்லை. ஒரு வளையம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நான் போன் எடுத்து இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்தாலும் சுற்றும். இதில் பணம் கட்டுகிற பட்டனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒன்றும் நடக்கவில்லையே என்று ஆள் இரண்டாவது தடவை அழுத்துவார், இரண்டு தடவையும் பணம் போயிருக்கும், திரும்பி வர ஒரு வாரம். அழுத்தியதும் பட்டனை மங்கலாக்கிப் பூட்டுவதும், ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு தனி எண் கொடுத்து அதே எண் இரண்டாவது தடவை வந்தால் சர்வர் அதைப் பணமாக எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் ஒரு நாள் வேலைதான்.

வட்டமே இல்லாத மாவட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன். ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார், ஜாதிச் சான்றிதழ் நம்பரைக் கேட்டால் வீட்டில் இருக்கிறது என்பார், மகனுக்குப் போன் போடுவார், மகன் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் அரை மணி நேரம். அதற்குள் லாகின் காலாவதியாகியிருக்கும். பிஎச்பியில் யாரும் மாற்றாவிட்டால் 1,440 விநாடி, அதாவது 24 நிமிஷம். ஏஎஸ்பி டாட் நெட்டில் 20 நிமிஷம். நான் அது தெரியாமல் மாவட்டத்தைத் தொடுவேன். பின்னால் போன ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பி விடும், அது வட்டப் பட்டியலுக்குப் பதிலாக லாகின் பக்கத்தை வாங்கிக்கொண்டு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும். பெட்டி காலி. தென்காசி மாவட்டத்தில் வட்டமே இல்லை! 'உங்கள் லாகின் முடிந்துவிட்டது, அடித்தது அப்படியே இருக்கும், மறுபடி லாகின் செய்யுங்கள்' என்று ஒரு வரி காட்டினால் நான் அந்த ஆளிடம் சர்வர் ஸ்லோ என்று சொல்ல வேண்டியிருக்காது.

என் கடைக்கு அடிக்கடி வருகிறவர்களில் பார்வையில்லாத ஒரு ஆசிரியர் இருக்கிறார். தானே உட்கார்ந்து என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, திரையில் இருப்பதைக் காதால் கேட்டு, கிடுகிடுவென்று அடிப்பார். பக்கம் முழுவதும் திரும்ப ஏறினால் அவருக்குத் தலைப்பிலிருந்து வாசிக்க ஆரம்பிக்கும், அது ஒரு கொடுமை. ஏறாமல் வட்டப் பெட்டி மட்டும் சத்தமில்லாமல் நிரம்பினால் நிரம்பியதே அவருக்குத் தெரியாது, அது வேறு கொடுமை. மாறிய இடத்தைச் சொல் என்று ஒரு சின்னக் குறிப்பை அந்த இடத்தில் வைத்துவிட்டால் மென்பொருள் 'எட்டு வட்டங்கள் வந்துள்ளன' என்று வாசிக்கும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துகிற மாதிரி தளங்களைக் கட்டுவதற்காக 2018இல் வந்த சர்வதேச இணைய அணுகல் நெறிமுறையில் இது தனி விதியாகவே இருக்கிறது. "தம்பி, வந்துச்சா வரலையான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பார் அவர்.

இதையெல்லாம் நான் அந்தத் தளங்களின் கருத்துப் பெட்டியில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் எழுதி முடித்து அனுப்பு என்பதை அழுத்தினேன், கேப்சா தப்பு என்று பக்கம் திரும்ப ஏறியது, நான் எழுதியது காணாமல் போனது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த தடவை சர்வர் முடக்கம் என்று செய்தி வந்தால் நிருபர் அந்த மையத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு விண்ணப்பம் முடிவதற்குள் எத்தனை தடவை திரை வெள்ளையானது, எத்தனை தடவை அதே பெயரை அடித்தார்கள் என்று எண்ணி எழுதட்டும். சம்பந்தப்பட்டவர்களுக்கு அது உறைக்கும். டெண்டர் விடுகிறவர்கள் எத்தனை பக்கம், எத்தனை மொழி என்று கேட்கிறார்கள், அடித்தது அழியக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள என்ன செலவு?

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் பேப்பரின் இணையதளமும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கம் தானாகத் திரும்ப ஏறுகிறது. புதுச் செய்தி வந்தால் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான், புரிகிறது. வாக்கு எண்ணிக்கை நாளில் அந்த எண்கள் இருக்கிற பெட்டியை மட்டும் பின்னால் கேட்டு வாங்கி மாற்றினால் போதும், அதற்காக நான் பாதி படித்துக்கொண்டிருக்கிற கட்டுரையை முதல் வரிக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா ரீஃப்ரெஷ் என்று, பக்கத்தைத் தானாகத் திரும்ப ஏற்றச் சொல்கிற ஒரு வரி இருக்கிறது, அதை ஒட்டி 300 விநாடி என்று போட்டிருக்கிறது, நான் திறந்து பார்த்தேன். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீளக் கட்டுரையை மூன்று தடவை ஆரம்பித்து இன்னும் நடுப்பக்கம் தாண்டவில்லை.

ஆச்சியின் விண்ணப்பம் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது தடவை மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் மேலே போய்ப் பெயர், அப்பா பெயர் எல்லாம் அடித்து, போட்டோவைக் கடைசியாக ஏற்றினேன். இப்போது கடையில் வேலை பார்க்கிற பையனுக்கும் இதே வரிசையைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர்காரர்,
சங்கரன்கோவில்.
(பெயர் போட வேண்டாம், நாளைக்கும் அதே தளத்தில்தான் விண்ணப்பம் போட வேண்டும்.)